வேகம் யாருடைய கணக்கில்?



சென்ற ஷஃபான் மாதம் காயல்பட்டினத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ். கீழக்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி வழியாக நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். லுஹர் தொழுதவுடன் கிளம்புவதாக ஏற்பாடு. நிக்காஹ் அஸருக்குப் பிறகு ஐந்து மணிக்கு என்பதால் அவசரத்துக்கு இடமே இருந்திருக்காது. ஆனால் வண்டி தெருவை விட்டு நகர்ந்தபோது மணி 2:40. மாமியின் மருந்துப் பையைத் தேடினோம், பிள்ளையின் செருப்பைத் தேடினோம் என்று காரணங்களை அடுக்கலாம். உண்மையில், கடைக்குப் போய் ஒரு கணக்கை முடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி முக்கால் மணி நேரத்தைத் தின்றவர் நாமே.

சாயல்குடி தாண்டினால் சாலை நேராகிவிடும். இருபுறமும் பனையும் உடைமரமும். ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். கால் தன்னையறியாமல் அழுந்தும். வேம்பாரைக் கடந்து சிறிது தூரத்தில் ஒரு வேப்பமர நிழலிலிருந்து போக்குவரத்துக் காவலர் ஒருவர் சாலைக்கு வந்து கை நீட்டினார். ஓரத்தில் ஏற்கெனவே ஒரு லாரியும் ஒரு வேனும் நின்றிருந்தன. அவர் கையிலிருந்த வேகம் அளக்கும் கருவியின் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"94 சார். இங்க 70தான்."

"எல்லாரும்தான் போறாங்க. எங்களை மட்டும் எதுக்கு நிறுத்துறீங்க?" என்றோம். முன்னே நின்ற லாரியை அவர் கண்ணால் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னிருக்கையில் மாமி சற்று உரக்கவே, "தொப்பியைப் பார்த்துட்டுத்தான் நிறுத்துறான்" என்றார். அது காவலர் காதில் விழுந்திருக்கும். விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

இனி எழுதப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார். அதற்குள் ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை மடித்து வைத்து நீட்டினோம். அவர் உரிமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பித் தந்தார். "இதை எடுத்து வைங்க சார். ரசீது வரும்" என்றார். கையடக்கக் கருவியில் எதையோ அழுத்தினார், சீட்டு வந்தது. ஆயிரம் ரூபாய் அபராதம். உரிமத்தைத் திருப்பித் தரும்போது கண்ணாடி வழியாகப் பின்னிருக்கையைப் பார்த்துவிட்டு, "சின்னப் பையன் இருக்கான். பார்த்துப் போங்க" என்றார்.

அடுத்த இருபது கிலோமீட்டர் முழுவதும் நாம் பேசிக்கொண்டே போனோம். வசூலுக்கு இலக்கு வைத்து நிற்கிறார்கள், மணல் லாரிகளை விட்டுவிடுவார்கள், அரசியல்வாதியின் வண்டியென்றால் சல்யூட் அடிப்பார்கள், இப்படியே. பன்னிரண்டு வயது மகன் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "வாப்பா, 94 போனது நெசமா?" என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை. அவனுடைய உம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். வேகமாக ஓட்டிப் பிடிபட்டோம், அபராதம் வந்தது, அவ்வளவுதான் என்று போயிருக்கும். அன்றிரவு சஹனில் நால்வராக அமர்ந்து உண்ணும்போது, வழியில் தாமதமானது ஏன் என்று ஒருவர் கேட்டார். "வேம்பார் பக்கத்துல போலீஸ் புடிச்சிட்டான். ஐநூறு பார்க்கலாம்னு நின்னான்" என்றோம். அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்த வேகம் நமக்கே வியப்பு. ஐநூறு என்ற எண் உண்மை. அதை நீட்டிய கைதான் மாறிப்போயிற்று. மற்ற மூவரும் தலையசைத்தார்கள். ஒருவர் திருச்செந்தூர்ச் சாலையில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார், இன்னொருவர் மதுரையில் நேர்ந்ததை. நல்ல நெய்ச்சோறு, நல்ல பேச்சு. பக்கத்துச் சஹனில் இருந்த மகன் திரும்பி ஒருமுறை நம்மைப் பார்த்தான்.

காவல்துறையினர் எல்லோரும் வேப்பமரத்து மனிதரைப் போன்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. ரசீதில்லாமல் பணம் கேட்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். தொப்பியையும் தாடியையும் கண்டதும் பேச்சின் தொனி மாறும் இடங்களும் உண்டு. மாமி சொன்னது வெறுங்காற்றில் பிறந்த சொல் அல்ல. இருந்தாலும் அந்தப் பொதுவான குறைகளில் எதுவும் அன்று அந்த இடத்தில் நடக்கவில்லை. நடந்தது ஒன்று: 70 என்று எழுதிய பலகையை நாம் 94இல் கடந்தோம். ஊரார் வைத்திருக்கும் பழைய மனக்குறையை எடுத்து அந்த எண்ணின்மேல் போர்த்தி, எண்ணை மறைத்துவிட்டோம். மறைத்ததோடு நில்லாமல், லஞ்சத்தை மறுத்த ஒருவரை லஞ்சம் கேட்டவராக ஆக்கினோம். கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் நபி (ஸல்) அவர்களின் சாபத்துக்கு உரியவர்கள் என்பது மதரஸாவில் ஓதிய காலத்திலிருந்தே தெரியும். அன்று வாங்க ஆள் இல்லை. கொடுக்க மட்டும் ஓர் ஆள் இருந்தார்.

நாம் துபாயில் பதினோரு வருடம் ஓட்டியவர்கள். அங்கே இப்படிப் பேசியதில்லை. பேச யாரும் நிற்கமாட்டார்கள்; கம்பத்தில் கேமரா இருக்கும், மின்னும், அபராதம் கைப்பேசிக்கு வரும். துபாயில் குறித்த வேகத்துக்கு மேல் 20 கி.மீ. வரை கேமரா பொறுத்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலகையில் 100 என்றிருந்தால் 119 நமக்கு ஹலால் என்பதுபோல ஓட்டுவோம். அபுதாபி 2018 ஆகஸ்டில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டபோது, எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கால் தானாக இளகும். நல்ல ஓட்டுநர் என்று பெயர் வாங்கித்தான் ஊர் திரும்பினோம். கேமரா எங்கே இருக்கிறது, எத்தனையில் மின்னும் என்று அறிந்து அதற்கேற்ப ஓட்டிய பழக்கமே அது என்பது இப்போது புரிகிறது. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு ஒவ்வொரு செயலையும் செய்வது இஹ்ஸான் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். அந்த இஹ்ஸான் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எங்கே போகிறது?

ஊர் வந்த மறுநாள், காகிதத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டோம். நிறுத்தப்பட்ட இடத்துக்கு அப்பால், ஊர்களையும் திருப்பங்களையும் கழித்தால் 60 கி.மீ. நேர்ச்சாலை என்று கொள்வோம். 70இல் போனால் 51 நிமிடம். 94இல் 38 நிமிடம். ஆக, நாம் சம்பாதிக்க நினைத்தது 13 நிமிடம். கடையில் தின்றதோ 45.

மறுபக்கக் கணக்கு இது. 70இல் போகும் வண்டி ஒரு நொடியில் 19 மீட்டர் ஓடும்; 94இல் 26 மீட்டர். குறுக்கே ஒரு பிள்ளை வருகிறது, கண் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும், பிறகுதான் வண்டி மட்டுப்படத் தொடங்கும். 70இல் வந்தவர் ஏறத்தாழ 45 மீட்டரில் நின்றுவிடுவார். அவர் நின்ற அதே இடத்தை 94இல் வந்தவர் எந்த வேகத்தில் கடப்பார் என்று பார்த்தோம். முதலில் கணக்கில் பிழை என்றே எண்ணினோம். மீண்டும் போட்டோம். ஏறத்தாழ 70. ஒருவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் இன்னும் எழுபதில் போய்க்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் கூடப் போனோம்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்தக் கொஞ்சம் இதுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்ததாக அறிக்கை கணக்கிடுகிறது. பனியும் மழையும் பள்ளமும் சேர்ந்து கொன்றவர்களைவிட, அவசரம் கொன்றவர்களே அதிகம்.

அபராதச் சீட்டை நாம் கட்டவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்தது. ஷஃபான் போய் ரமளான் வந்தது. தராவீஹுக்குப் பிறகு ஒரு நாள் நம் பள்ளி இமாமிடம், வேறொருவருக்காகக் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டோம். அவர் இந்த ஊர்க்காரர், நம்மைவிட இளையவர். "ஹஸ்ரத், அரசாங்கம் போடுற இந்த டிராஃபிக் ஃபைன் எல்லாம் மார்க்கத்துல ஒரு கடனா வருமா? அது துன்யாவு சட்டம்தானே?"

"யாருக்குக் காக்கா?" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதன் சாரம் வருமாறு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993 ஜூன் மாதம் புருனேயில் கூடியபோது சாலை விபத்துகளைப் பற்றியே தனியாக ஒரு தீர்மானம் இயற்றியது. 71ஆம் தீர்மானம். ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கப்படியே கடமை என்றும், மீறுவோர்க்குப் பண அபராதம் விதிப்பதும் செல்லும் என்றும் அது கூறுகிறது. விபத்து நேர்ந்தால், தடுக்க இயலாத ஒரு சக்தி குறுக்கிட்டிருந்தாலோ, பாதிக்கப்பட்டவரின் செயலோ மூன்றாம் ஆளின் தவறோ காரணமாக இருந்தாலோ தவிர, ஓட்டியவரே பொறுப்பு. சட்டம் துன்யாவுடையதாக இருக்கலாம். அது காக்கும் உயிர் யாருடைய அமானிதம் என்று ஹஸ்ரத் கேட்டார்.

பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு இன்னொன்று சொன்னார். "இதே இடத்துல ஒருத்தர் வந்து உட்கார்ந்தார் காக்கா. பேர் வேண்டாம். வண்டியில ஒரு பெரியவரை இடிச்சு, அவர் மவுத்தாயிட்டார். கேஸ் முடிஞ்சு, இன்ஷூரன்ஸ் பணமும் போயிடுச்சு. அதுக்கப்புறம் என்கிட்ட வந்து, ரெண்டு மாசம் நோன்பை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டார்."

அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தை நாம் எத்தனையோ முறை ஓதிக் கடந்திருக்கிறோம். ஒரு மூமினைத் தவறுதலாகக் கொன்றவர் அடிமையை விடுதலை செய்வதும், இறந்தவரின் குடும்பத்துக்கு தியத் கொடுப்பதும், விடுதலை செய்ய அடிமை இல்லையெனில் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பிருப்பதும் அங்கே சொல்லப்பட்டுள்ளன. வாள் வீசிய காலத்துச் சட்டம் என்று மனத்தில் எங்கோ வைத்திருந்தோம். கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் போக்கியவர்க்கும் இது உரியது என்று இன்றைய ஆலிம்கள் பலரும் கூறுகிறார்கள். தக்க காரணமில்லாமல் இடையில் ஒரு நாள் விட்டால் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மனிதர் கோடையில் தொடங்கினாராம். வீட்டில் அவருக்கு மட்டும் தனியாக ஸஹருக்கு விளக்கெரிந்திருக்கும். ஏன் நோன்பு என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் தக்தீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் தெருவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் ஜனாஸா சில வருடங்களுக்கு முன் போனது. பைக். இரவு பதினொரு மணிக்கு, கடற்கரைச் சாலையில், யார் முந்துவது என்ற விளையாட்டு. கபரஸ்தானில் எல்லோரும் சொன்னது ஒன்றே: அல்லாஹ்வின் நாட்டம். அது உண்மை, அதில் ஐயமில்லை. நமக்கு விளங்காதது வேறொன்று. நிக்காஹுக்குத் தாமதமாகும்போது "அல்லாஹ்வின் நாட்டம், மெதுவாகப் போவோம்" என்று நாம் யாரும் சொல்வதில்லை. அந்த 13 நிமிடத்தைத் தக்தீரிடம் ஒப்படைக்க மனம் வருவதில்லை. உயிர் போன பிறகு முழுப்பொறுப்பையும் அதனிடம் ஒப்படைக்கிறோம். அந்தப் பையனுக்கு வண்டி வாங்கிப் பணம் அனுப்பியவர் ரியாத்தில் இருந்த வாப்பா. அப்போது பையனுக்கு வயது பதினாறு. பிள்ளையின் முகத்தை வீடியோ அழைப்பில் மட்டுமே பார்க்கும் வாப்பாமார்கள், கேட்டதை வாங்கித் தருவதன் மூலம் அருகில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். நாமும் அப்படி இருந்தவர்களே. குறை சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டு நிரம்பாதவர் குற்றம் செய்தால் வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அப்படியொரு பையனின் வண்டியைக் காவலர் பிடித்து வைத்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜமாஅத் நிர்வாகியை எழுப்பி ஸ்டேஷனுக்கு அனுப்புகிறோம். வண்டி மீண்டு வருகிறது.

விரைவாகப் போவதே தவறு என்று மார்க்கம் சொல்லவில்லை. அரஃபாவிலிருந்து திரும்பும்போது நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தை மிதமாகவே செலுத்தினார்கள். திறந்த இடம் கிடைத்தபோது சற்று விரைந்தார்கள். பின்னால் மக்கள் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஆரவாரம் கேட்டதும் சாட்டையால் சைகை காட்டி, அமைதியாக வாருங்கள், விரைந்தோடுவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். இகாமத் சொல்லப்பட்டாலும் தொழுகைக்கு ஓடி வராதீர்கள் என்று கற்பித்ததும் அவர்களே. தொழுகைக்கே ஓடக் கூடாதென்றால் நெய்ச்சோற்றுக்கு எதற்கு 94? (வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு நம் பள்ளித் தெருவில் நின்று பாருங்கள். குத்பாவைப் பிடிக்கப் பறந்து வரும் பைக்குகள் தெருவை அடைத்து நிறுத்தப்படும்போது, ஓர் ஆம்புலன்ஸ் வந்தால் போக வழியிருக்காது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று உள்ளே பயான் நடந்துகொண்டிருக்கும்.)

அபராதத்தை மறுநாளே இணையத்தில் கட்டினோம். கட்டி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹஸ்ரத் அதோடு விடவில்லை. சஹனில் பேசியதையும் அவரிடம் சொல்லியிருந்தோம். எந்த இடத்தில் ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னோமோ, அங்கே இருந்தவர்களிடமே அதைத் திருத்த வேண்டும் என்றார். காவலரின் பெயர் தெரியாது, இனி அவரைச் சந்திப்போமா என்பதும் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாதபோது, அவருக்காக துஆச் செய்வதும் கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்வதும்தான் மிச்சம்.

மூவருக்கும் தொலைபேசினோம். ஆயிரம் ரூபாய் கட்டியதைவிட அது கடினம். ஒருவர், "இதுக்குப்போய் போன் பண்ணுவீங்களா காக்கா?" என்று சிரித்தார். இன்னொருவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, மதுரைக் கதையில் தானும் ஒரு பாதியை விட்டுவிட்டுச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். மூன்றாமவர் சவூதிக்குத் திரும்பியிருந்தார்; குரல் செய்தி அனுப்பினோம். கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி வந்தது, பதில் இல்லை.

மகனிடம் சொல்வதைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டோம். அவன் பார்த்திருக்கிறான், கேட்டிருக்கிறான், இரண்டுக்கும் நடுவில் இருந்த பொய்யையும் அறிந்திருக்கிறான். ஒரு நாள் இஃப்தாருக்குப் பின் அவனைக் கூப்பிட்டு, "அன்னிக்கு 94 போனது நெசம்தான். காசு அவர் கேக்கலை, வாப்பாதான் கொடுத்தேன்" என்றோம். "தெரியும் வாப்பா" என்றான். வேறொன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அவனுடைய உம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "அவன் அன்னிக்கே என்கிட்ட கேட்டான், நான்தான் வாப்பாகிட்ட கேளுன்னேன்" என்றார்.

பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம், மணமக்களை விருந்துக்கு அழைக்க மீண்டும் காயல்பட்டினம் போனோம். மாமி இந்த முறை வரவில்லை. கடைக்குப் போகாமல், லுஹர் தொழுதவுடன் கிளம்பினோம். மகன் முன்னிருக்கையில். வேம்பாருக்கு அப்பால் அந்த வேப்பமரம் வந்தது. நிழலில் யாரும் இல்லை. ஓர் ஆடு மட்டும் படுத்திருந்தது. பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மகன் வேகமானியை எட்டிப் பார்த்தான்.

"வாப்பா, 73."

காலைச் சற்று எடுத்தோம். வேன் நம்மைக் கடந்து போயிற்று. அதன் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் காதில் விழவில்லை.